வெள்ளைக்கல்லுக்கு மேலே

ஏப்ரல் 3

காலை 158/96.

இந்த நோட்டு டாக்டரம்மா எஸ்தரின் உத்தரவு. "மாத்திரை ஒருபக்கம் இருக்கட்டும் திருமூர்த்தி. தினமும் பிரஷர் பார்த்துக் குறிங்க. அன்னிக்கு எதுக்குக் கோபம் வந்ததுன்னு பக்கத்துல எழுதுங்க. மாசக் கடைசியில நோட்டைக் கொண்டாங்க. படிக்க மாட்டேன், நம்பரை மட்டும் பார்ப்பேன்" என்றார். படிக்க மாட்டாராம். சரி, நம்புவோம்.

எனக்குக் கோபம் வருவதில்லை. மற்றவர்கள் வரவழைக்கிறார்கள். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இந்த மலைக்கு வந்து முப்பத்துநாலு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் கீழே இறங்க மனம் வரவில்லை. காரணம் பில்லிக்கொரை ஓடையும் அதில் ஓடும் டிரவுட் மீனும்தான். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன். தண்ணீர் சில்லென்று ஓடினால்தான் அது உயிர் வாழும். அதைப் பிடிக்க ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. இருபத்திரண்டு பேர். டாக்டரம்மா தலைவர், நான் செயலாளர்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். ஓடை நடுவில் ஆள் உயரக் கல் ஒன்று உண்டு. அதற்குக் கீழே, அதாவது தண்ணீர் இறங்கிப் போகும் பக்கம், புழு, மாவு, எதை வேண்டுமானாலும் போட்டுப் பிடிக்கலாம். மேலே ஃபிளை மட்டும், அதாவது கோழி இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி. புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் இறங்கிவிடும். சின்ன மீன் என்று திருப்பி விட்டாலும் பிழைக்காது. ஃபிளையை உதட்டில்தான் கவ்வும். கழற்றி விட்டால் ஓடிப்போய்விடும். இதைப் புரிந்துகொள்ள எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி சீசன் ஆரம்பம். அதற்குள் அந்தக் கல்லுக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பது செயலாளரின் வேலை. டப்பா வாங்கி வைத்தாயிற்று. நாளை அடித்துவிடலாம்.

ஏப்ரல் 5

154/94.

என் மனைவி மயிலாத்தாளின் அண்ணன் ஆறுச்சாமி கோபியிலிருந்து வந்து இறங்கினார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் தன் மனைவி தவறியதிலிருந்து வீட்டில் தனியாகக் கிடக்கிறார் என்று இவள்தான் போன் மேல் போன் போட்டு வரவழைத்தாள். வெயில் முடியும்வரை இங்கேதான் இருப்பார். நல்ல மனுஷன். ஆனால் கையில் ஒரு பை, தோளில் ஒரு மூங்கில் தூண்டில்.

"மாப்ள, உங்கூட்டு மீனுக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போலாம்னு வந்துபோட்டேன்" என்றார்.

வாய்க்கால் கெண்டைக்குப் போடுகிற தூண்டிலை டிரவுட் ஓடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, வந்த அன்றே மச்சானிடம் எதற்கு? இவள் அண்ணனுக்கென்று கம்பு தோசை வார்த்தாள். எனக்கும் நாலு கிடைத்தது.

ஏப்ரல் 7

மழை. கல் நாளை.

ஏப்ரல் 9

164/100.

காலையில் குளியலறைக்குப் பின்னால் போனால் மச்சான் குந்தி உட்கார்ந்து ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் கொஞ்சம் மண், மண்ணுக்குள் புழு நெளிகிறது.

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத விரும்பவில்லை. "சங்கச் செயலாளர் வீட்டில் புழுவா" என்பது அதில் மரியாதையான பகுதி.

மச்சான் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கல்லுக்குக் கீழ போடலாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? கோவிச்சுக்காதீங்க. இனி வெளிய நோண்டிக்கறேன்."

நான் சொன்னது உண்மைதான். இருந்தாலும் அந்தக் கொட்டாங்குச்சியைப் பார்த்தால் எனக்கு ஆகாது. சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மயிலாத்தாள் துணி காயப்போட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் போவது ரொம்ப அபூர்வம்.

ஏப்ரல் 11

156/96.

சங்கக் குடிலைத் துடைத்துப் பெருக்கினோம். மச்சானும் வந்தார். தரையெல்லாம் அவர்தான் கழுவினார். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி.

குடிலின் சுவரில் எங்கள் வழக்கப்படி மரத்தில் அறுத்த மீன்கள் மாட்டியிருக்கும். மூன்று பவுண்டுக்கு மேல் பிடித்தால் அந்த மீனைப் பலகையில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அந்த அளவிலேயே அறுத்து மாட்டுவோம். கீழே பேர், தேதி, எடை, எதைப் போட்டுப் பிடித்தது என்று எழுதுவோம். எழுபது வருடத்தில் ஒன்பது மீன்தான். மச்சான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து ஏழாவதில் நின்றார்.

"கே. திருமூர்த்தி. 12-6-1994. மூணே முக்கால் பவுண்டு. ஃபிளை. அடேங்கப்பா! மாப்ள, நீங்களா? என்ன பூச்சிங்க போட்டீங்க?"

தரைக்குப் பினாயில் போதவில்லை. அடுத்த முறை பெரிய பாட்டிலாக வாங்க வேண்டும்.

ஏப்ரல் 13

கல்லுக்குப் போக நேரமில்லை. எல்லோருக்கும் அந்தக் கல் தெரியும், ஓடிப்போகாது.

ஏப்ரல் 14

140/88. பாயசம் சாப்பிட்ட பிறகும்!

சீசன் ஆரம்பம். வேப்பம்பூப் பச்சடி, பாயசம், வடை. காலை ஏழு மணிக்கே ஓடையில் இருந்தோம். பனி விலகி வெயில் புல்லில் இறங்கியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. டாக்டரம்மா, "கல்லுக்குப் பூசலையா?" என்று மட்டும் கேட்டார். "மழைங்க" என்றேன்.

மூன்று மீன் பிடித்தேன், மூன்றையும் விட்டேன். மூன்றாவது ஒன்றரைப் பவுண்டு இருக்கும். வால் துடுப்பில் எதுவோ கடித்த மாதிரி ஒரு வெட்டு. போஜன் (எங்கள் ஓடைக் காவலர்) போனில் படம் எடுத்தார். என் கை வழுக்கி மீன் ஒரு தடவை புல்லில் விழுந்துவிட்டது. அதனால் இரண்டாம் தடவை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு தண்ணீரில் விட்டேன். ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுப் போயிற்று.

மச்சான் ரொம்பக் கீழே, ரோட்டுப் பாலத்தடியில் புழு போட்டு இரண்டு பிடித்தார். பிடித்ததும் மீனின் தலையில் ஒரே தட்டு, உடனே உயிர் போய்விடும். பிறகு தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு என்னை வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் மீன் ஓடுது, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"நாம மூணு பேரு. ரெண்டு போதுமுங்க."

"நான் ஒண்ணைக்கூடக் கொல்லல, பார்த்தீங்கல்ல?"

"பாத்தனுங்க. வாயில ஓட்டை போட்டு, இழுத்துத் தவிக்க விட்டு, போட்டோ புடிச்சு, போ ராசான்னு அனுப்பி வெச்சீங்க. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும், எது தேவலைன்னு."

"புழு போட்டு ஏமாத்தறதைவிட இது தேவலை."

"ஏமாத்துறது ரெண்டு பேருந்தானுங்களே மாப்ள! நீங்க பொய்யைக் குடுத்து ஏமாத்தறீங்க, நான் நெசத்தைக் குடுத்து ஏமாத்தறேன். எம்மீனு சாகறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்புட்டுட்டாவது சாகுது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. வடையை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுத் தின்றோம். இவள் மீனை மிளகு போட்டு வறுத்திருந்தாள். கொள்கைக்காக வேண்டாம் என்றேன். பிறகு வாலை மட்டும் தின்றேன்.

ஏப்ரல் 17

150/94.

நல்ல வெயில். இரண்டு விஷயம் நடந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

மச்சானின் தூண்டிலில் ஒரு விரற்கடை மீன் மாட்டியது. ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்பது ஓடை முழுவதுக்கும் சட்டம். ஆனால் அது புழுவை வயிறுவரை விழுங்கியிருந்தது. மச்சான் நூலை அறுத்து மெதுவாக விட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றி வயிற்றைக் காட்டி மிதந்து போயிற்று. அவர் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது தப்புத்தானுங்க மாப்ள. சட்டத்துக்காக விட்டேன், யாருக்கும் ஆகாம போச்சு" என்றார். பார்த்தீர்களா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். கரையோரம் வேரில் சிக்கிச் செத்துக் கிடந்தது. ஒன்றரைப் பவுண்டு. வால் துடுப்பில் வெட்டு.

மச்சானும் பார்த்தார். அவருக்கு அந்த வால் ஞாபகம் இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. குச்சியால் குழி தோண்டி அதைப் புதைத்துவிட்டு, "வாங்க, டீ குடிப்போம்" என்றார். அவர் சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 20

170/102.

இன்று தலைவலி காரணமாக நான் போகவில்லை. மச்சான் தனியாகப் போனார். பாலத்தடியில் கூட்டம், கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டார். "கல்லு வரைக்கும் போங்க, வெள்ளையாத் தெரியும்" என்றேன்.

பதினொரு மணிக்குப் போஜன் வந்தார், கூடவே மச்சான். போஜன் கையில் இரண்டு மீனும் ஒரு கொட்டாங்குச்சியும்.

"சார், உங்க ஆளுன்னு தெரியும். ஆனா கல்லுக்கு மேல நூறு அடி தாண்டி, புழு போட்டு உக்காந்திருக்கார். டாக்டரம்மாவும் பார்த்துட்டாங்க. நான் என்ன சார் பண்ண?"

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "வெள்ளைக் கல்லுக்குக் கீழதானுங்களே உக்காந்திருந்தேன்?"

மேலே ஒரு பாறையில் பறவை எச்சம் காய்ந்து வெள்ளையாக இருக்கும். அதைச் சொல்கிறார். எங்கள் கல்லில் பாசி ஏறிப் பச்சையாகிவிட்டது. பெயின்ட் டப்பா என் வீட்டு மாடிப்படிக்கடியில் திறக்காமல் இருக்கிறது. இதையெல்லாம் போஜனிடம் விளக்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

கல்லுக்கு மேல் புழு போட்டவரின் பெயரைக் குடிலின் கரும்பலகையில் சீசன் முழுக்க எழுதிவைப்பது சங்க வழக்கம். அறிவிப்பை எழுதிக் கூட்டத்தில் படிக்க வேண்டியவர் செயலாளர். கூட்டம் 27ஆம் தேதி.

ஏப்ரல் 21

168/100.

அறிவிப்பை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "கோபிசெட்டிபாளையம் ஆறுச்சாமி என்பவர்..." என்பவராம்! என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவர்.

மச்சான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எழுதுங்க மாப்ள. கோபியிலிருந்து எவன் வந்து படிக்கப்போறான்?" என்று சிரித்தார். ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது, இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகலாமென்று பார்ப்பதாகத் தங்கையிடம் சொன்னார். வீடு பூட்டிக் கிடக்கிறதாம். வந்த இரண்டு வாரத்தில் இதுவரை வீட்டைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அவர் கை கழுவப் போனதும் மயிலாத்தாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, பெயின்ட் டப்பா எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லீருவீங்கன்னு நேத்துப் பூரா பாத்தேன்."

"சொல்லலாம்னுதான்..."

"அது கெடக்கட்டும். தொண்ணூத்திநாலுல ஒரு நாள் காலைல நீங்க குளியலறைக்குப் பின்னாடி கொட்டாங்குச்சியில எதை நோண்டி எடுத்தீங்கன்னும் எனக்குத் தெரியும். முப்பது வருசமா நான் கேட்டனா? கேக்கல. எங்க அண்ணன் பேரை அந்தப் பலகையில எழுதுனீங்கன்னா, கேப்பேன்."

சோற்றில் மோர் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 22

எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா படித்தால் படிக்கட்டும்.

1994இல் நான் சங்கத்தில் சேர்ந்து நாலு வருடம். நாலு வருடமும் ஃபிளை வீசி வீசித் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். எஸ்டேட் மேனேஜர்களும் டாக்டர்களும் இருந்த சங்கம். நான் ஒருவன்தான் மின்வாரியச் சட்டை. யாரும் என்னை எதுவும் சொன்னதில்லை, அது உண்மை. ஆனால் "திருமூர்த்தி, இன்னிக்காவது?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்று குத்தும்.

ஜூன் மாதம், மழை விட்ட காலை. கல்லுக்கு மேலே வேர்ப்பள்ளத்தில் ஒரு பெரிய மீன் நிற்பதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீசிய ஃபிளையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று கொட்டாங்குச்சியில் புழு கொண்டுபோனேன். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

பிடித்தது பெரிசில்லை. பிறகு செய்ததைத்தான் சொல்ல வேண்டும். முள் அடித்தொண்டையில் இருந்தது. புழு போட்ட முள்ளோடு காட்ட முடியாது. உயிரோடு இருக்கும்போதே விரலை விட்டுப் பிய்த்து எடுத்தேன். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு உதட்டில் ஒரு ஃபிளையைக் குத்தி, குடிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வருடமே செயலாளர் ஆக்கினார்கள்.

புழுவைப் பற்றி இத்தனை வருடம் நான் பேசிய பேச்செல்லாம் அந்தத் தொண்டையைப் பார்த்தவன் பேச்சு. பேசியது தப்பில்லை. ஆனால் எங்கே பார்த்தேன் என்று சொல்லவில்லை. மச்சான் தெரியாமல் செய்தார், தலையில் ஒரே தட்டு, அவ்வளவுதான். நான் தெரிந்தே செய்தேன். அவர் பெயர் கரும்பலகையில், என் பெயர் சுவரிலா?

இன்று பிரஷர் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 24

மச்சானிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "ஊருக்குப் போறதை 27 தாண்டி வெச்சுக்குங்க. கூட்டத்துக்கு நீங்க வரணும்" என்றேன். மற்றதையும் சொன்னேன். துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த மீனு ருசியா இருந்துச்சுங்களா?"

"நான் ஒரு வாய்கூடத் திங்கல மச்சான்."

"அதுதானுங்க பாவம்" என்றார்.

ஏப்ரல் 27

காலை 172/104. மாலைப் பிரஷர் கீழே.

பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். மச்சான் கடைசி பெஞ்சில், துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு. அறிவிப்புக் காகிதத்தோடு எழுந்தேன். முதலில் கல்லைப் பற்றிச் சொன்னேன். பெயின்ட் அடிக்காதது என் தப்பு, இவர் எச்சப் பாறையை வெள்ளைக்கல் என்று நினைத்தார், கரும்பலகையில் எழுதினால் என் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஏழாவது மீனைக் காட்டி அதைச் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. கொட்டாங்குச்சி, தொண்டை, உதட்டில் குத்திய ஃபிளை, எதையும் விடவில்லை.

"பதவியை ராஜினாமா செய்யறேன். அந்தப் பலகையைக் கழட்டிடறேன்" என்று ஸ்டூலை இழுத்தேன்.

அந்தோணி ராயர், எங்களில் மூத்த உறுப்பினர், "கழட்டத்தான் வேணும். முப்பது வருஷமா அதைக் காட்டித்தானேய்யா எல்லாரையும் விரட்டினே?" என்றார். உண்மைதானே? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீன் என்ன பொய் சொல்லிச்சு? மூணே முக்கால் பவுண்டு நிஜம். தேதி நிஜம். ஆளும் நிஜம். கடைசி வார்த்தை ஒண்ணுதான் பொய், அதை மாத்துங்க. அது அங்கேயே தொங்கட்டும். கூட்டத்துக்குக் கூட்டம் நீங்க அதைப் பார்த்துக்கிட்டே உக்காரணும், அதான் தண்டனை. ராஜினாமா எல்லாம் அப்புறம். முதல்ல போய்க் கல்லுக்கு வெள்ளையடிங்க."

ராயர் முணுமுணுத்தார். ஆனால் கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார்.

அப்போது மச்சான் எழுந்து, உறுப்பினர் இல்லாதவர் பேசலாமா என்று கேட்டார். பேசச் சொன்னார்கள்.

"புழு போடறவன் சின்னதைத் திருப்பி விட்டா அது சாகுதுங்க. அதனால கல்லுக்குக் கீழ அளவே வேண்டாம். மொதல்ல மாட்டுற ரெண்டை, சிறுசோ பெருசோ, கொண்டுபோய்த் தின்னோணும், அத்தோட நிறுத்திக்கோணும். மேல பூச்சி போடறவங்களும் வெயில் ஏறித் தண்ணி சூடானா நிறுத்தோணும், அப்ப விட்டாலும் மீனு பொழைக்காது. போட்டோவுக்குத் தூக்கக் கூடாது. விடறதா இருந்தா தண்ணிக்குள்ளயே வெச்சு விடோணும்."

வாலில் வெட்டுப்பட்ட மீனைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த வாய், நிற்கவில்லை. இரண்டு யோசனையையும் இந்த சீசனுக்கு வைத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் போஜன் மச்சானிடம் அந்தக் கொட்டாங்குச்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

மாலை 144/90. வீட்டுக்கு வந்து பசி தாங்காமல் ஆறு இட்லி சாப்பிட்டேன். மயிலாத்தாள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது இட்லியைத் தட்டில் வைத்தாள்.

ஏப்ரல் 29

132/84.

கல்லுக்கு வெள்ளையடித்தாயிற்று. நான் பாசியைச் சுரண்ட, மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்று பூசினார். இரண்டு கோட். இனி ஊட்டியிலிருந்து பார்த்தாலும் தெரியும். மச்சான் ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் திரும்பும் வழியில் பாலத்தடியில் இரண்டு பிடித்தார், தட்டினார், நிறுத்தினார். நான் கல்லுக்கு மேலே ஒரு மணி நேரம் ஃபிளை வீசினேன். ஒன்றும் மாட்டவில்லை, அதனால் ஒன்றும் குறையவில்லை.

டப்பாவின் அடியில் கொஞ்சம் பெயின்ட் மிச்சமிருந்தது. அதையும் சின்னத் தூரிகையையும் எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனோம். மச்சான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஏறி நின்று 'ஃபிளை' என்பதைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் 'புழு' என்று எழுதினேன்.

இறங்கி வந்து இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். மச்சான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்து கோணலா இருக்குதுங்க மாப்ள. ஆனா இப்பத்தான் மீனு நேரா தொங்குற மாதிரி தெரியுது" என்றார்.

இன்றைக்கு மீன் வறுவலில் வால் மட்டும் போதாது என்று மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டேன்.